மின்புலம், மின்னழுத்தம், மின்விசை: சுங்கை சிப்புட் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 5, படிவம் 6 பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். மின்புலம் பாடம் வந்துவிட்டால் வருடா வருடம் இதே கேள்விகள்தான், வகுப்பில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வாட்ஸ்அப்பில் ராத்திரி நேரத்திலும் கேட்பார்கள். எல்லாமே நல்ல கேள்விகள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சமன்பாடுகளை வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன், நோட்டில் எழுதும்போது அந்தந்தக் குறியீட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லாரிடமும் வற்புறுத்துவேன். இந்த இடத்தில் என்ன இருக்கிறது? அது மின்புலம். இங்கே வந்த துகளை எது எந்தப் பக்கம் தள்ளுகிறது? அது விசை. துகள் இங்கிருந்து அங்கே போனால் ஆற்றல் எவ்வளவு மாறும்? அதைச் சொல்வது மின்னழுத்த வேறுபாடு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கணக்குகள் தப்பாகின்றன.

மின்புலம் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை கணக்குக்காக வரைந்த கோடுகளா?

கோடுகள் நாம் வரைந்தவை, புலம் நிஜம். 1785-இல் கூலோம் முறுக்குத் தராசை வைத்து அளந்து சொன்னது இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையைப் பற்றி: மின்னூட்டங்களின் பெருக்குத்தொகைக்கு நேர்விகிதம், தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் என்ன நடக்கிறது என்ற பேச்சே அதில் இல்லை. அந்த இடத்தைப் பற்றி விடாமல் யோசித்தவர் ஃபாரடே. ஒரு மின்னூட்டம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையே மாற்றி வைக்கிறது, இன்னொரு மின்னூட்டம் வந்தால் தான் நிற்கும் இடத்தில் உள்ள புலத்தைத்தான் உணர்கிறது என்பது அவர் வழி வந்த பார்வை. இங்கே ஒரு மின்னூட்டத்தை அசைத்தால் தூரத்தில் இருப்பதற்கு அது உடனே தெரியாது, ஒளியின் வேகத்தில் செய்தி போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஆற்றல் எங்கே இருக்கிறது? புலத்தில்தான். உங்கள் வீட்டு வானொலியில் மின்னல் எஃப்.எம். கேட்கிறதென்றால், ஒலிபரப்புக் கோபுரத்தில் எலக்ட்ரான்கள் ஆடியதால் கிளம்பிய புலம் இங்கே ஏரியலில் இருக்கும் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது என்று அர்த்தம்.

அளவு சொல்வதானால், ஒரு கூலோமுக்கு (மின்னூட்டத்தின் அலகு) எத்தனை நியூட்டன் விசை என்பதே புலம். திசை, நேர்மின்னூட்டம் தள்ளப்படும் திசை. பள்ளி நூலில் மலாயில் மெடான் எலெக்ட்ரிக் என்று படிப்பது இதைத்தான்.

விசை என்றாலும் புலம் என்றாலும் ஒன்றுதானே?

இல்லை. புலம் இடத்துக்குச் சொந்தம், விசை துகளுக்கு வருவது. ஒரு இடத்தில் புலம் கூலோமுக்கு 1000 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் இல்லாவிட்டாலும் அது 1000தான். ஒரு புரோட்டானை வைத்தால் 1.6 × 10⁻¹⁶ நியூட்டன் விசை புலத்தின் திசையில் வரும், எலக்ட்ரானை வைத்தால் அதே அளவு விசை எதிர்த்திசையில் வரும். ஆனால் எலக்ட்ரானின் நிறை வெறும் 9.11 × 10⁻³¹ கிலோகிராம், புரோட்டான் அதைப்போல 1836 மடங்கு. அதனால் எலக்ட்ரானின் முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 1.8 × 10¹⁴ மீட்டர், புரோட்டானுக்கு 9.6 × 10¹⁰ மீட்டர்தான். விசை ஒன்று, நிறை வேறு, ஆகவே முடுக்கம் வேறு.

இன்னொன்றும் பாருங்கள். அந்த எலக்ட்ரானின் எடை சுமார் 9 × 10⁻³⁰ நியூட்டன். மின்விசை அதைவிட பத்து லட்சம் கோடி மடங்குக்கும் மேல். எலக்ட்ரான் கணக்கில் புவியீர்ப்பைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

மின்னழுத்தம்தான் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன அது?

தோட்டத்தில் மேட்டுக்காட்டுக்கு ஏறும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உயரம் உண்டு, மூட்டையோடு ஏறினாலும் கைவீசி ஏறினாலும் அந்த உயரம் மாறாது. மின்னழுத்தம் அந்த உயரம், மின்புலம் அந்தப் பாதையின் செங்குத்து. உயரமான இடம் சமதளமாக இருக்கலாம், தாழ்வான இடம் படுசெங்குத்தாக இருக்கலாம், அதுபோல மின்னழுத்தம் அதிகமுள்ள இடத்தில் புலமே இல்லாமலும் இருக்கலாம்.

வரையறையாகச் சொன்னால், ஒரு கூலோமுக்கு எத்தனை ஜூல் என்பதுதான் வோல்ட். 12 வோல்ட் கார் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கூலோம் போனால் 12 ஜூல் கைமாறுகிறது, அவ்வளவுதான். ஒரே சீரான புலத்தில், அதாவது இரண்டு இணைத்தட்டுகளுக்கு நடுவில், புலம் = மின்னழுத்த வேறுபாடு ÷ தட்டுகளுக்கு இடையே உள்ள தூரம். மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்பதும் கூலோமுக்கு இத்தனை நியூட்டன் என்பதும் ஒரே அலகுதான், இரண்டையும் ஜூலில் பிரித்து எழுதினால் உங்களுக்கே தெரியும்.

குறியில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். விட்டுவிட்டால் நேர்மின்துகள் அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்குப் போகும். எலக்ட்ரான் நேர்மாறாக, அதிக அழுத்தத்தை நோக்கிப் போகும். ஆனால் இரண்டுமே தன் நிலையாற்றலைக் குறைத்துக்கொண்டுதான் போகின்றன. எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி என்பதால் அழுத்தம் ஏற ஏற அதன் நிலையாற்றல் இறங்குகிறது. அழுத்தம் வேறு, நிலையாற்றல் வேறு என்று தனியாக எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் போய்விடும்.

புலம் பூச்சியம் என்றால் மின்னழுத்தமும் பூச்சியமாகத்தானே இருக்க வேண்டும்?

படிவம் 6 முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு மாணவர்களை வழுக்கிவிடும் கேள்வி இது. எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் +1 நானோகூலோம் உள்ள இரண்டு மின்னூட்டங்கள், நடுவே 20 சென்டிமீட்டர். நட்டநடுப் புள்ளியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளுவதால் புலம் பூச்சியம். மின்னழுத்தம்? ஒவ்வொன்றும் 90 வோல்ட் தருகிறது, மொத்தம் 180 வோல்ட். இப்போது ஒன்றை −1 நானோகூலோம் ஆக்குங்கள். அழுத்தம் 90 கழித்தல் 90, பூச்சியம். புலமோ இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து மீட்டருக்கு 1800 வோல்ட்.

புலம் வெக்டர், திசையோடு கூட்ட வேண்டும். அழுத்தம் ஸ்கேலர், குறியோடு சும்மா கூட்டினால் போதும். முதலில் படம் வரைந்து அம்புக்குறி போடாமல் புலத்தைக் கூட்டவே கூடாது.

வெட்டவெளியில் நிற்கும்போது நம்மைச் சுற்றி மின்புலம் இருக்கிறதா?

இருக்கிறது. வானம் தெளிவாக உள்ள நாளில் தரைக்கு அருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட், கீழ்நோக்கி. பூமியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கிறது, உயரே உள்ள காற்றுமண்டல அடுக்குக்கும் தரைக்கும் இடையே இரண்டு மூன்று லட்சம் வோல்ட் வேறுபாடு இருக்கிறது. இதைக் கட்டிக் காப்பதில் உலகெங்கும் ஓயாமல் நடக்கும் இடிமழைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியென்றால் தலைக்கும் காலுக்கும் இடையே 150 வோல்ட், ஏன் ஷாக் அடிக்கவில்லை? உடம்பு ஒரு கடத்தி. பாடாங்கில் (திடலில்) போய் நின்றவுடன் உடம்பில் உள்ள மின்னூட்டங்கள் கொஞ்சம் இடம்மாறி, உங்கள் தலையும் தரையின் அழுத்தத்துக்கே வந்துவிடுகிறது, சம அழுத்தக் கோடுகள் உங்கள் தலைக்கு மேலாக வளைந்து போகின்றன. காற்றும் மகா மோசமான கடத்தி, ஒரு சதுர மீட்டருக்கு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஓரிரு பங்குதான் மின்னோட்டம்.

மெழுகுவர்த்திச் சுடர் ஏன் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்கிறது?

படிவம் 5 சோதனை. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மெழுகுவர்த்தி, தட்டுகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட். சுடரின் வெப்பத்தில் காற்று அயனியாகிறது, நேர் அயனிகள் எதிர்த்தட்டுக்கும் எலக்ட்ரான்கள் நேர்த்தட்டுக்கும் போகின்றன, சுடர் இரு பக்கமும் விரிகிறது, ஆனால் எதிர்த்தட்டுப் பக்கம் அதிகம். நேர் அயனிகள் கனமானவை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஏன் கனம் முக்கியம் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக: எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளுக்கு இடையே விறுவிறுவென்று நழுவிப் போய்விடுகின்றன, மெதுவாக நகரும் நேர் அயனிகளோ வழியில் மூலக்கூறுகளை இடித்து இடித்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. அந்தக் காற்றோட்டம்தான் சுடரைச் சாய்க்கிறது.

பந்துச் சோதனையும் இதோடு வரும். அதே மாதிரி இரண்டு தட்டுகளுக்கு நடுவே தொங்கும், உலோக வண்ணம் பூசிய பந்து ஒரு தட்டைத் தொட்டதும் அதே மின்னூட்டத்தைப் பெற்றுத் தள்ளப்படுகிறது, மறு தட்டுக்குப் போகிறது, அங்கே குறி மாறித் திரும்புகிறது. வண்ணம் பூசாத பந்து ஏன் இப்படி ஆடாது என்பதை நீங்களே சொல்லிப் பாருங்கள்.

கம்பியில் குருவி உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை, நாம் தொட்டால் மட்டும் ஏன்?

குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில். அந்த ஒரு சாண் கம்பியின் இரண்டு முனைக்கும் அழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. எத்தனை வோல்ட்டில் இருக்கிறோம் என்பதால் மின்னோட்டம் வருவதில்லை, உடம்பின் இரண்டு இடங்களுக்கு இடையே எத்தனை வோல்ட் வேறுபாடு என்பதால்தான் வருகிறது. நாம் தரையில் நிற்கிறோம், ஆகவே கைக்கும் காலுக்கும் இடையே முழு வேறுபாடும் வந்துவிடுகிறது.

இதை வெறும் பரீட்சைக் கேள்வியாக விட எனக்கு மனமில்லை. செம்பனைக் குலை வெட்டும் நீளமான அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு உயிர்போகும் விபத்துகள் தோட்டங்களில் நடப்பவை. அலுமினியம் முதல்தரக் கடத்தி, வெறும் காலும் ஈர மண்ணும் சேர்ந்தால் வழி முழுதும் திறந்து கிடக்கிறது. உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் தொடவே வேண்டியதில்லை. சீரான புலத்தில் காற்று தாங்குவது மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட், ஆனால் கூர்முனைக்குப் பக்கத்தில் புலம் குவிந்துவிடுவதால் அதைவிட மிகக் குறைந்த சராசரிப் புலத்திலேயே காற்று உடைந்து பொறி பாயும். 132 ஆயிரம் வோல்ட் கோபுரக் கம்பிக்குப் பக்கத்தில் கழியைத் தூக்குவது கம்பியைத் தொடுவதற்குச் சமம். அப்பாவோ மாமாவோ செம்பனைக் காட்டில் வேலை செய்தால், கம்பி போகும் வரிசையில் கழியைத் தூக்குவதற்கு முன் மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்.

அப்படியானால் ஏர்கான் அறையில் கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிப்பது ஆயிரக்கணக்கான வோல்ட் என்கிறார்களே, ஏன் சாகவில்லை?

வோல்ட் அதிகம், மின்னூட்டம் சொற்பம். உடம்பின் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பது, சுமார் 100 பிகோஃபாரட், 5000 வோல்ட் என்றால் சேமித்த ஆற்றல் ஆயிரத்தில் ஒரு ஜூலுக்குச் சற்று மேல், ஒரே நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். வீட்டு 230 வோல்ட் விடாமல் மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் கொல்கிறது.

இடிமழை நேரத்தில் மரத்தடியில் நிற்கக் கூடாது என்பதற்கு இந்தப் பாடத்தில் காரணம் உண்டா?

உண்டு, இரண்டு காரணம். உலகத்தில் இடிமின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று, அதனால் இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்.

முதலாவது, மரத்தில் இறங்கும் மின்னோட்டம் மரத்தை விட நல்ல கடத்தியான மனித உடம்பு பக்கத்தில் இருந்தால் அதற்குத் தாவும். இரண்டாவது, தாவாவிட்டாலும் தரையில் பரவும் மின்னோட்டம் மண்ணில் ஒரு புலத்தை உண்டாக்குகிறது. 30,000 ஆம்பியர் மின்னல், மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம் மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மரத்திலிருந்து 10 மீட்டரில்கூட தரையில் மீட்டருக்கு ஏறக்குறைய 4800 வோல்ட். அரை மீட்டர் அகலத்தில் காலை விரித்து நின்றால் இரண்டு பாதத்துக்கும் நடுவே 2000 வோல்ட்டுக்கும் மேல். மாடுகளின் முன்னங்காலும் பின்னங்காலும் இன்னும் தள்ளி இருக்கின்றன, நடுவில் இதயம் இருக்கிறது, மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான்.

கூரை உள்ள காருக்குள் இருப்பது நல்லது. ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், கிலோமீட்டர் கணக்கில் காற்றையே உடைத்து வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? காப்பாற்றுவது உலோகக் கூடு. மின்னோட்டம் வெளிப்பரப்பு வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது, உள்ளே புலம் மிகவும் குறைந்துவிடுகிறது. 1836-இல் ஃபாரடே உலோகத்தால் சுற்றிய ஒரு பெரிய கூண்டைச் செய்து, வெளியே பொறி பறக்க, உள்ளே நின்று காட்டியது இதையேதான். வெட்டவெளியில் தலைமுடி தானாக எழுந்து நின்றால் மேலே புலம் மிகவும் ஏறிவிட்டது என்று அர்த்தம், உடனே கட்டடத்துக்கோ காருக்கோ ஓடுங்கள்.

எங்கள் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கித்தா (ரப்பர்) பாலுக்கும் மின்விசைக்கும் சம்பந்தம் உண்டு என்றீர்களே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மரத்திலிருந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வடியும் பால், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள், பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது, அந்த உறை எதிர்மின்னூட்டம் கொண்டது. எல்லாத் துகளும் ஒரே குறி, அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. இரண்டு துகள்கள் நெருங்க வேண்டுமானால் நிலையாற்றலில் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும், சாதாரண வெப்ப அசைவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பால் பாலாகவே இருப்பதற்குக் காரணம் கூலோம் விசை.

நேரம் ஆக ஆக என்ன நடக்கிறது? பாக்டீரியாக்கள் பாலில் அமிலத்தை உண்டாக்குகின்றன, அமிலத்தின் நேர் அயனிகள் உறையின் எதிர்மின்னூட்டத்தைச் சரிக்கட்டுகின்றன, மேடு தாழ்ந்துபோகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. வெயில் ஏறிய பிறகும் எடுக்காமல் விட்ட மங்கில் கட்டிப்பால் கிடப்பது இதனால்தான். பால் கட்டாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், அது பாலைக் காரமாக வைத்து பாக்டீரியாவையும் அடக்கும். தோட்டத்து ஸ்டோரில் பாலைக் கட்டியாக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள், அது மின்னூட்டத்தை வேண்டுமென்றே கழிப்பது. தாத்தா பாட்டிமார் கையால் செய்த வேலையில் இந்த முழுப் பாடமும் இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்று அவர்களைச் சொல்கிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இப்போது காடெல்லாம் செம்பனை, அங்கேயும் இருக்கிறது. ஆலையின் கொதிகலனில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரிக்கிறார்கள், புகையோடு சாம்பல் வரும். பல ஆலைகள் மின்னியல் தூசுப் பிடிப்பான் வைத்திருக்கின்றன. மெல்லிய கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் அழுத்தம், கம்பியை ஒட்டிய இடத்தில் புலம் மிகவும் வலுவாகிக் காற்று அயனியாகிறது, சாம்பல் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்று எதிரே உள்ள தட்டில் போய் ஒட்டுகின்றன, அவ்வப்போது தட்டைத் தட்டி உதிர்ப்பார்கள். அமெரிக்கரான காட்ரெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்கு ஏற்ற மாதிரி செய்த கருவி இது.

ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எப்படித்தான் அளந்தார்கள்?

மில்லிகன், எண்ணெய்த் துளி. 1909-இல் தொடங்கி 1913-இல் விரிவான முடிவை வெளியிட்டார், 1923-இல் நோபல் பரிசு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே நுண்ணிய துளியை விட்டு, மேல்நோக்கிய மின்விசையைக் கீழ்நோக்கிய எடையோடு ஒப்பிடுவதுதான் சாரம். தட்டுகளுக்கு நடுவே 16 மில்லிமீட்டர், 5000 வோல்ட் என்றால் புலம் மீட்டருக்கு மூன்று லட்சம் வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டிய துளிக்கு 5 × 10⁻¹⁴ நியூட்டன் விசை, அது சுமார் ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள எண்ணெய்த் துளியைத் தாங்கப் போதும். அளந்த மின்னூட்டங்கள் எல்லாம் ஒரே எண்ணின் முழு மடங்குகளாக வந்தன. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த மதிப்பு கொஞ்சம் குறைவாக இருந்ததால் விடை இன்றைய மதிப்பை விட அரை சதவீதம் போலக் குறைவு.

தட்டுகளுக்கு நடுவே எலக்ட்ரான் வளையும் கணக்குக்குச் சுருக்குவழி உண்டா?

உண்டு, ஆனால் முதலில் நீளவழியில் ஒருமுறை போடுங்கள். 2000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு 2.65 × 10⁷ மீட்டர் (மின்னூட்டம் பெருக்கல் வோல்ட் = இயக்க ஆற்றல்). 5 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் இடைவெளி, 200 வோல்ட் உள்ள தட்டுகளுக்குள் நுழைகிறது. உள்ளே இருக்கும் நேரம் 1.9 × 10⁻⁹ வினாடி, குறுக்கு முடுக்கம் 1.76 × 10¹⁵, விலகல் சுமார் 3.1 மில்லிமீட்டர். பாதை பரவளையம்.

இப்போது எண்ணைப் போடாமல் குறியீட்டிலேயே செய்து பாருங்கள். மின்னூட்டமும் நிறையும் அடிபட்டுப் போய்விடும்! விலகல் = தட்டு வோல்ட் × நீளத்தின் வர்க்கம் ÷ (4 × இடைவெளி × முடுக்கிய வோல்ட்). அதே 2000 வோல்ட்டில் முடுக்கிய புரோட்டானும் அதே 3.1 மில்லிமீட்டர்தான் விலகும், எதிர்ப் பக்கமாக. அதனால் இந்த ஏற்பாட்டை மட்டும் வைத்துத் துகள் எது என்று கண்டுபிடிக்க முடியாது, காந்தப்புலத்தையும் சேர்க்க வேண்டும். 1897-இல் தாம்சன் செய்தது அதுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

செலோடேப் போதும். மேசையில் ஒரு துண்டை ஒட்டி, அதன் மேல் ஒரு சாண் நீளத்தில் இன்னொன்றை ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். இன்னொரு துண்டையும் அதே மாதிரி உரித்து இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டால் விலகி நிற்கும். பிறகு இரண்டு துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி, ஜோடியாக உரித்து, கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தால் ஈர்க்கும். நம் ஊர் ஈரக் காற்றில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும், மழை விட்ட நேரத்தில் செய்யாமல் நல்ல வெயில் நாளிலோ ஏர்கான் அறையிலோ செய்யுங்கள். பழைய டிவிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.